இடைச்சுவர் இன்னும் நிற்கிறதா?



காவேரிப்பட்டினம் என்றதும் வெளியூர் அன்பர் பலர் பூம்புகாரை நினைத்துக்கொள்வதுண்டு. சோழர் துறைமுகமாகிய காவிரிப்பூம்பட்டினம் கீழைக் கடற்கரையில் இருந்தது. நமது காவேரிப்பட்டினமோ கிருஷ்ணகிரி மாவட்டத்தில், தென்பெண்ணையாற்றின் கரையில் இருக்கிறது. ஆயினும் ஒன்றில் இவ்விரண்டும் ஒத்தவை. பல மொழி பேசும் வேற்று நாட்டவர் கூடிக் கலந்து வாழ்ந்த நகரம் என்று பழந்தமிழ் நூல்கள் பூம்புகாரைப் போற்றும். நமது ஊர்க் கடைத்தெருவில் அரைமணி நேரம் நின்றாலே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் காதில் விழும். ஊரை வளர்க்கும் ஆறும் அயலிலிருந்து வந்ததே. கர்நாடகத்து நந்தி மலையில் தோன்றி, ஓசூர்ப் பக்கமாகத் தமிழகத்துள் நுழைந்து, கிருஷ்ணகிரி அணையைக் கடந்து நம்மிடம் வருகிறது. அதன் நீரால் வாழும் நாம், ‘நீ எந்த ஊர்?’ என்று அதனை ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது அந்த நான்கு மொழிகளோடு வேறு சிலவும் சேர்ந்துள்ளன. ஓசூர்த் தொழிற்சாலைகளிலும், நமது வட்டாரத்து மாங்கூழ்த் தொழிற்சாலைகளிலும், கட்டட வேலைகளிலும் ஜார்க்கண்டு, ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களின் இளைஞர்கள் உழைத்து வருகின்றனர். அவர்களுள் நம்முடைய திருச்சபையின் மக்களும் உளர். இம்மாதம் நாம் எழுதப் புகுவது அவர்களைப் பற்றியே. இன்னும் சரியாகச் சொன்னால், அவர்களைக் கண்டபோது நம் உள்ளத்தில் எழுந்ததைப் பற்றியே.

சென்ற மாம்பழப் பருவத்தில் ஒரு ஞாயிறன்று, இப்பகுதிக் கோவில் ஒன்றில் திருப்பலி காணச் சென்றிருந்தோம். வாசலை ஒட்டிய தாழ்வாரத்தில் ஆறு இளைஞர்கள் நின்றனர். உள்ளே இடம் இல்லாமல் இல்லை. நாம் அமர்ந்திருந்த வரிசையிலேயே மூவர் உட்காரலாம். அவர்களை எவரும் அழைக்கவில்லை. நம் அருகிலிருந்த பெரியவர் ஒருவர், “எங்கிருந்தோ வந்தவர்கள், கிறிஸ்தவர்கள்தானா என்பதே தெரியவில்லை. இவர்களுக்குத் தனியாக ஓர் இடம் பார்த்துக் கொடுத்தால் நன்றாயிருக்கும்” என்று மெல்லச் சொன்னார். நாம் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. நற்கருணை வேளையில் அந்த அறுவரும் கைகுவித்து, தலைகுனிந்து, வரிசையின் கடைசியில் வந்து ஆண்டவரை உட்கொண்டனர். பூசை முடிந்து வெளியே வந்தபோது அவர்களுள் ஒருவர் நம்மை அணுகி, தெரிந்த சில தமிழ்ச் சொற்களைக் கூட்டி, “அண்ணா, அடுத்த பூசை எப்போது?” என்று கேட்டார். விடை சொல்லிவிட்டு நகர்ந்தோம். பெயர்கூடக் கேட்கவில்லை. வீடு வந்து சேர்ந்த பின்னரே அந்த ‘அண்ணா’ நம் நெஞ்சில் தைத்தது.

‘மீட்பு எல்லா இனத்தார்க்கும் உரியது’ என்பது ஞானோபதேச வகுப்புச் சிறுவனும் தயங்காமல் சொல்லும் விடை. அவ்விடை நமக்கு மனப்பாடம். ஆனால் அதனைத் திருச்சபை எளிதில் கற்றுக்கொள்ளவில்லை என்பதையும், ஒவ்வொரு தலைமுறையும் அதனை மீண்டும் கற்க வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம்.

ஆண்டவர் இயேசுவின் காலத்தில் யெருசலேம் தேவாலயத்திற்கு வெளிமுற்றம் ஒன்று இருந்தது. அங்கே எந்த நாட்டவரும் வரலாம். அதற்கு அப்பால், உள்முற்றத்தைச் சுற்றி மூன்று முழ உயரக் கற்கிராதி ஒன்று நின்றதாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். அதில் இடையிடையே எச்சரிக்கைக் கல்வெட்டுகள் பதிக்கப்பட்டிருந்தன. வேற்றினத்தான் இதனைக் கடக்கலாகாது, கடந்தால் நேரும் சாவுக்கு அவனே பொறுப்பு என்பது அவற்றின் கருத்து. அத்தகைய கல் ஒன்றை 1871ஆம் ஆண்டு கிளெர்மோன்-கன்னோ என்னும் பிரெஞ்சு அறிஞர் யெருசலேமில் கண்டெடுத்தார். கிரேக்க எழுத்துகள் சிதையாத அந்தக் கல் இன்று துருக்கி நாட்டு இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவ்வெழுத்துகள் யாரைத் தடுத்தன? இத்தாலியரை, கிரேக்கரை, எகிப்தியரை. தமிழர் எவரேனும் அங்குச் சென்றிருந்தால் அவரையுந்தான்.

அந்தச் சுவரின் நிழலில் வளர்ந்தவரே இராயப்பர். யோப்பாவில் தோல் பதனிடுவோர் ஒருவரின் வீட்டு மாடியில் அவர் செபித்துக் கொண்டிருந்தபோது மும்முறை ஒரு காட்சி கண்டார். கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டு என்று சொல்லாதே என்பதே அதன் பொருள். அந்நேரமே செசரியாவிலிருந்து உரோமைப் படையின் நூற்றுவர் தலைவர் கொர்னேலியு அனுப்பிய ஆட்கள் வாசலில் நின்றனர். இராயப்பர் அவர்களை வீட்டினுள் அழைத்து விருந்தோம்பினார். மறுநாள் அவர்களோடு புறப்பட்டு அவ்வேற்றினத்தாரின் இல்லத்தில் நுழைந்தார். அவர் பேசி முடிப்பதற்கு முன்பே பரிசுத்த ஆவியார் அங்கிருந்தோர் அனைவர்மீதும் இறங்கினார். கடவுள் ஆள் பார்த்துச் செயல்படுவதில்லை என்று இராயப்பர் கண்டுகொண்டார். திருமுழுக்கு அதன்பின்னரே வழங்கப்பட்டது.

அப்போஸ்தலர் பணி நூலைப் படிப்போர் அடுத்து வரும் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இராயப்பர் யெருசலேமுக்குத் திரும்பியதும் சகோதரர் சிலர் அவரோடு வாதாடினர். கொர்னேலியுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. விருத்தசேதனம் இல்லாதவர் வீட்டில் நுழைந்து, அவர்களோடு உணவருந்தியது ஏன் என்றே கேட்டனர். விண்ணக வாசல் அந்நியனுக்குத் திறக்கலாம்; வீட்டு அடுப்படிதான் திறக்கலாகாது! மீட்பைப் பற்றிய வழக்கு அன்று பந்தியைப் பற்றிய வழக்காகவே தொடங்கியது.

கொர்னேலியு வேறொரு கேள்விக்கும் விடையாகிறார். காவேரிப்பட்டினத்தில் நம் அண்டை வீட்டார் பெரும்பாலும் பிற சமயத்தவர். நமக்கு நோய் வந்தால் ஓடி வருபவர். நம் வீட்டுத் துக்கத்தில் நம்மோடு அழுபவர். ‘இவர்கள் கதி என்ன?’ என்று நம் இல்லங்களில் தாய்மார் கேட்பதுண்டு. ஞானஸ்நானம் பெறுமுன்னரே கொர்னேலியுவின் செபமும் தருமமும் இறைவன் திருமுன் எட்டியிருந்தன என்று வேதாகமமே சான்று பகர்கிறது. திருச்சபையின் காணக்கூடிய எல்லைக்குள் வராத எவர்க்கும் மீட்பே இல்லை என்று அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் லியோனர்டு பீனி என்னும் குரு பிடிவாதமாகப் போதித்தபோது, 1949ஆம் ஆண்டிலேயே உரோமை அவரைத் திருத்தியது. 1964 நவம்பர் 21 அன்று வெளியான ‘திருச்சபை’ பற்றிய இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடு இதனை இன்னும் தெளிவாக உரைத்தது: தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருப்பவர், உண்மை உள்ளத்தோடு இறைவனைத் தேடி, அவரது அருளின் துணையால் மனச்சான்றின் வழி நடப்பாராயின், அவர்க்கும் மீட்பு கிட்டக்கூடும். மீட்பவர் கிறிஸ்து ஒருவரே. ஆகவே நற்செய்தியை அறிவிக்கும் கடமையும் நம்மை விட்டு நீங்கவில்லை. ஆனால் வாசலின் திறவுகோல் அவர் கையில் இருக்கிறது. நம் கையில் தரப்பட்டிருப்பது விளக்கு.

இவ்வளவு கண்ட இராயப்பரும் பின்னர் ஒருமுறை தடுமாறினார். அந்தியோக்கியாவில் அவர் புறவினத்துச் சகோதரரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். யெருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்துப் பர்னபாவும் விலகினார். சின்னப்பரோ எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். அச்செய்தியைக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் மறைக்காமல் பதிந்தும் வைத்தார். இராயப்பர் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை, இருக்கையைத்தான் மாற்றிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் என்ன நினைப்பாரோ என்ற அச்சமே அதற்குக் காரணம். தாழ்வாரத்து இளைஞரைக் கண்டு நாம் வாய் மூடியிருந்ததும் அதே அச்சத்தால்தான்.

சின்னப்பர் தாம் சொன்னதற்கு விலையும் கொடுத்தார். எபேசு நகரத்தவரான துரோப்பிமு என்பவருடன் அவர் யெருசலேம் வீதியில் சென்றதைச் சிலர் கண்டிருந்தனர். அந்தக் கற்கிராதியைக் கடந்து அவரைச் சின்னப்பர் ஆலயத்துக்குள் அழைத்துச் சென்றார் என்று கருதி மக்கள் கொதித்தெழுந்தனர். சின்னப்பர் அடிபட்டார், விலங்கிடப்பட்டார், அவ்வழக்கே அவரை உரோமை வரை கொண்டு சென்றது. எபேசியருக்கு எழுதிய திருமுகம் அச்சிறைக் காலத்தது என்பது திருச்சபை மரபு. இரு மக்களைப் பிரித்து நின்ற இடைச்சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தார் என்ற செய்தி அத்திருமுகத்தில்தான் இருக்கிறது. எந்த ஊர்க்காரர் பொருட்டுச் சுவரின் பெயரால் விலங்கு பூண்டாரோ, அதே ஊரார்க்குச் சுவர் வீழ்ந்த செய்தி எழுதப்பட்டது.

வாசகர்களே, இக்கதையில் நாம் எந்தப் பக்கம்? நாம் யெருசலேமின் மக்கள் அல்லர். கொர்னேலியுவின் பக்கத்தவர், துரோப்பிமுவின் பக்கத்தவர். சுவருக்கு வெளியே நின்ற புறவினத்தார் நாமே. நம் மொழி அறியாத அந்நியர்களே நமக்கு மறையைக் கொண்டு வந்தனர். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியராகிய தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலி தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார். 1623இல் வடக்கு நோக்கிச் சேந்தமங்கலம், சேலம் வரை நடந்து வந்தார். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் லெயோனார்டோ சின்னமி என்னும் மற்றோர் இத்தாலியக் குரு மைசூர் நாட்டில் கன்னடம் கற்று மறைப்பணி தொடங்கினார். 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயர் பிரெஞ்சு நாட்டவர். அம்மறைமாவட்டத்திலிருந்தே 1997இல் நமது தர்மபுரி மறைமாவட்டம் பிரிந்தது. முதல் நாளில் அவர்கள் பேசிய தமிழ் எப்படி இருந்திருக்கும்? அந்த இளைஞர் நம்மிடம் பேசிய தமிழைப் போலத்தான் இருந்திருக்கும். அன்று நம் முன்னோர் எவரேனும் திண்ணையில் இடங்கொடுத்து அமரச் செய்திராவிடில், இன்று நம் கையில் செபமாலை ஏது?

ஆனால் உள்ளே வந்த நாமும் நமக்குள் சுவர் எழுப்பினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு வடக்கன்குளமே சான்று. திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை 1745 மே 14 அன்று அவ்வூரில்தான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். உயர்குடி என எண்ணப்பட்ட குலத்தில் பிறந்தும் அவர் எல்லாச் சாதியாரோடும் வேற்றுமை பாராட்டாமல் பழகினார். 1749இல் சிறைப்பட்டு, 1752 சனவரி 14 அன்று காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதர் பட்டம் பெற்றார். அவ்வாறு உயர்த்தப்பட்ட முதல் இந்தியப் பொதுநிலையினர் அவரே. அத்தகையவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில் ஆலயத்துக்குள் சாதிச் சுவர் இருந்தது. 1872இல் எழுந்த புதிய ஆலயமும் பீடத்தில் இணையும் இரு தனிக் கூடங்களாகக் கட்டப்பட்டது. இரு பிரிவினரும் ஒரே பலியைக் காணலாம். ஒருவரையொருவர் காண வேண்டியதில்லை! 1910இல் அப்பிரிவினை அகற்றப்பட்டது. அதனை மீட்கக் கேட்டோர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. யெருசலேமின் கல்லை இஸ்தான்புல்லில் தேடுவானேன்? அதன் உடன்பிறந்த கற்கள் நம் நாட்டிலேயே கிடந்தன. இன்றும் கல்லறைத் தோட்டத்திலோ தேர்த் திருவிழாவிலோ திருமணப் பேச்சிலோ அவை தலைநீட்டுவது இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எத்தனை பங்குகளால் முடியும்?

அத்தகைய பழைய சுவர்களையே இன்னும் முழுதும் இடித்து முடிக்காத நாம், இப்போது மொழியின் பெயரால் புதியதொன்றுக்கு அடித்தளம் இடலாகாது. ‘எங்கிருந்தோ வந்தவர்’ என்று நாம் ஒதுக்கும் அந்த இளைஞர் எங்கிருந்து வந்தவர் என்பதை அறிந்துகொள்வோமா?

ஜார்க்கண்டிலிருந்து வரும் முண்டா, ஒராவோன், காரியா மக்களின் திருச்சபை சோட்டா நாகபுரித் திருச்சபையாகும். 1885இல் அங்கே சென்ற கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்னும் பெல்ஜிய நாட்டுச் சேசு சபைக் குரு, நிலக்கிழாரிடம் நிலத்தையும் உரிமையையும் இழந்து தவித்த அப்பழங்குடியினர்க்காக நீதிமன்றப் படிகளில் துணை நின்றார். ஆயிரமாயிரமாக அவர்கள் கிறிஸ்துவை ஏற்றனர். அம்மக்களுள் ஒராவோன் குடியில் பிறந்த டெலஸ்போர் டோப்போ இராஞ்சிப் பேராயராகி, 2003இல் கர்தினாலாக உயர்ந்து, 2023இல் இறையடி சேர்ந்தார். நம் தாழ்வாரத்தில் நின்றவர்கள் அத்திருச்சபையின் பிள்ளைகளாக இருக்கலாம். ஒடிசாவிலிருந்து வருவோருள் கந்தமால் மாவட்டத்தாரும் உண்டு. 2008ஆம் ஆண்டு வன்முறையில் அங்கே ஆலயங்களும் இல்லங்களும் எரிக்கப்பட்டன. பல்லாயிரவர் காட்டுக்குள் ஓடி உயிர் பிழைத்தனர். அப்போது விசுவாசத்திற்காக உயிர்நீத்த 35 பேரைப் புனிதராக்கும் ஆய்வைத் தொடங்க 2023இல் உரோமை இசைவளித்தது. ‘கிறிஸ்தவர்கள்தானா?’ என்ற ஐயத்துடன் நாம் நோக்கிய ஒருவர், கிறிஸ்தவர் என்பதற்காகவே வீடிழந்த குடும்பத்தின் மகனாக இருந்துவிட்டால், நம் கேள்வி யாரை நோக்கித் திரும்பும்?

அவர்கள் மொழியில் தனித் திருப்பலி வைப்பது தவறா எனச் சிலர் கேட்கலாம். தவறன்று, தாய்மொழியில் செபிக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. அம்மொழி அறிந்த குரு கிடைக்குமிடத்தில் அதனை மகிழ்ந்து வரவேற்போம். ஆயின் ஒன்றை மட்டும் நம்மையே கேட்டுக்கொள்வோம்: அந்த ஏற்பாட்டை நாம் விரும்புவது அவர்கள் செபிப்பதற்காகவா, நாம் அவர்களைக் காணாதிருப்பதற்காகவா? முன்னது அன்பு, பின்னது வடக்கன்குளத்து இரட்டைக் கூடம்.

செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. ஞாயிறன்று நம் வரிசையில் சற்று நகர்ந்து அமர்ந்து, கையசைத்து உள்ளே அழைக்கலாம். பெயரும் ஊரும் கேட்கலாம். விசுவாசிகள் மன்றாட்டில் ஒன்றை அவர்களுள் ஒருவர் தம் மொழியில் சொல்லப் பங்குத் தந்தையிடம் வேண்டலாம். வேலையில் காயம்பட்டாலோ, கூலி நிறுத்தப்பட்டாலோ, எங்கே போவது, யாரைக் கேட்பது என்றறியாது அவர்கள் திகைப்பர். அவ்வேளையில் உடன் செல்ல வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் முன்வரலாம். பாஸ்கு விழாவிலோ கிறிஸ்து பிறப்பு நாளிலோ இருவரை நம் இல்லத்திற்கு அழைத்து, நம் பிள்ளைகளோடு பந்தியில் அமர்த்திச் சோறிடலாம். யெருசலேம் சகோதரர் இராயப்பரிடம் கேட்ட கேள்வியை இறுதி நாளில் ஆண்டவர் நம்மிடம் திருப்பிக் கேட்பார்: அவர்கள் வீட்டில் நுழைந்தாயா? அவர்களோடு உண்டாயா? அன்று அது குற்றச்சாட்டாக எழுந்தது; நம்மிடமோ அது கணக்காகக் கேட்கப்படும்.

அருளப்பர் தம் காட்சியில், எல்லா நாட்டையும் குலத்தையும் மொழியையும் சேர்ந்த, எண்ணற்கரிய மக்கள் திரள் ஒரே அரியணை முன் நிற்கக் கண்டார். அத்திரளில் தாழ்வாரம் என்று ஒன்றில்லை. அங்கே தோளோடு தோள் சேர்ந்து நிற்க விரும்புவோர் இங்கேயே சற்று நெருங்கி அமரப் பழகிக்கொள்வது நலம்.

அந்த இளைஞர் நம்மை ‘அண்ணா’ என்றழைத்தார். புது மொழியில் அவர் கற்றுக்கொண்ட முதல் சில சொற்களுள் அதுவும் ஒன்று போலும். அதற்குரிய விடைச்சொல் நம் தாய்மொழியிலேயே இருந்தும் அன்று நம் வாயில் வரவில்லை. அடுத்த ஞாயிறு அதே தாழ்வாரத்திற்குச் சென்று, அவர் கையைப் பற்றி, “உள்ளே வா, தம்பி” என்று சொல்ல வேண்டும்.

வாசகர்களே, உங்கள் கோவில் தாழ்வாரத்தில் நிற்பவர் யார்?